முதல்

சுங்கை பெலுந்தாஸ் பாலத்தின் மூன்றாம் தூணில்
கறுப்பும் வெள்ளையுமாய் ஓர் அளவுகோல்.
காலை ஆறு, மாலை ஆறு
டார்ச் அடித்து எண்ணைப் பார்த்து
நோட்டில் எழுதுவது என் வேலை.
மில் பம்புக்கும் நான்தான் ஆள்.

மாசி பிறந்தும் மழையில்லை.
செம்பனை மட்டைகள் தோளைத் தொங்கப் போட்டன.
தாமான் குழாய்களில் காற்று இருமியது.
அறுபது.
ஐம்பத்தைந்து.
ஐம்பத்திரண்டு.

பள்ளி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.
மில்லுக்கு இரவில் நான்கு மணி நேரம்,
தாமானுக்கு விடிகாலை,
கீழ்க்கரையில் நெல் போட்டிருக்கும்
மாக் சிக் சல்மியாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்.
மேல்கரை வாழைத் தோட்டத்து ஆ லியோங்
சத்தம் போட்டு ஒரு மணி நேரம் கூட வாங்கினார்.
கூட்டிக் கழித்து
கிராணி பன்னீர் கடைசி வரியில் எழுதினார்:
'மீதி ஆற்றுக்கு.'

கையைத் தூக்கினேன்.
கூட்டத்தில் தேத்தண்ணி கேட்கக்கூடத் தூக்காத கை.
"வட்டியைத் தின்னலாம் கிராணி,
முதலைத் தொட்டா அடுத்த வருஷம் வட்டியும் இல்ல.
ஆறு மீதி இல்ல. முதல்."

"முதலையா? நம்ம ஆத்திலயா?"
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்;
மண்டபமே குலுங்கியது.
சல்மியாவுக்கு மலாயில் விளக்கப்போய்
சிரிப்பு பாதி வழியில் செத்துப்போனது.
யோசித்துவிட்டு அவர் கேட்டார்:
"விதைநெல் மாதிரியா?"
அதேதான்.
பசித்தாலும் அவிக்கக்கூடாதது.

பன்னீர் அடித்துவிட்டு மேலே எழுதினார்:
'நாற்பதுக்குக் கீழே யாருக்கும் இல்லை.'
பெயிண்ட் கிடைக்கவில்லை.
கோசலையின் சிவப்பு நகச்சாயத்தால்
தூணில் கோடு போட்டேன்.

பதினோராம் நாள் ராத்திரி
தண்ணீர் கோட்டைத் தொட்டது.
மில்லில் கொதிகலன் பசியோடு நின்றது.
மானேஜர் இரண்டு முறை அழைத்தார்.
எங்கள் லயத்துத் தொட்டிக்கும் அதே குழாய்தான்.
அணைத்தேன்.

வீட்டில் காலி வாளிகளோடு கோசலை.
"நாற்பது" என்றேன்.
"கோடு போடறதுக்கு முன்னாடி
என்னைக் கேட்டிருக்கணும்" என்றாள்,
நகச்சாயத்தைச் சொன்னாளா,
தண்ணீரைச் சொன்னாளா, தெரியவில்லை.

தூக்கம் வரவில்லை. பாலத்துக்கே போனேன்.
பாறை இடுக்கில் விரால் ஒன்று
வாலை அடித்துத் திரும்பிப் படுத்தது.
வேறு சத்தமே இல்லை.
அப்புறம்தான் உறைத்தது:
மேல்கரையில் ஆ லியோங்கின் டீசல் பம்பும் ஓடவில்லை.
அதற்குக் காவல் யாருமில்லை.

காலை ஆறு மணி. நாற்பத்தொன்று.
இரண்டு தரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
எழுதினேன்.