எழுதியது பாதி விலை

துவான் ரிஸ்மியின் கடையில்
எழுதாத தாளுக்குத்தான் மதிப்பு.
எழுதியது பாதிக்கு வரும்.
கொம்பனித்தெருவை ரயில் கடக்கும்போதெல்லாம்
கண்ணாடி அலுமாரிக்குள்
காலிமுகத்திடல் கொஞ்சம் நடுங்கும்.

அன்று கையில் தொள்ளாயிரம் ரூபாய்.
எழுதியதாகவே பார்த்து எடுத்தேன்.
துறைமுகத்து அலைதடுப்புச் சுவர்.
கோட்டை வெளிச்சவீடு, அதன் வயிற்றில் மணிக்கூடு.
பேரை வாவி, அதன் பின்னால்
கடல் தாண்டாத எவனோ செதுக்கிய மலை.
கொழும்பில் ஏது மலை.

மணிக்கூட்டுத் தாளில்
பாதியைப் படம் தின்றிருந்தது.
கீழே சாய்ந்த தமிழ்,
தேத்தண்ணி நிறமாகிவிட்ட மை:
"தாளில் இடம் போதாமையால்
சுகம் மட்டும் எழுதுகிறேன்.
காசு விஷயம் அடுத்த கடிதத்தில்."
திருப்பினால்
பின்பக்கம் முழுக்க வெறுமை.
கெட்டிக்காரன்.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள்
கந்தோருக்குத் திரும்பும் வழியில்
செத்தம் வீதி முனையில்
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
அடையாள அட்டை.
பரஞ்சோதி வாகீசன். பிறந்த இடம் கரவெட்டி.
பிறகு ஒவ்வொன்றாய் வெளியே வந்தன
துறைமுகம், வெளிச்சவீடு, வாவி.
அந்த வருடம்
ஒரு தமிழன் பையில் இருக்கக்கூடாத படங்கள்
அத்தனையும்.

"எதற்கு இதெல்லாம்?"
சேர்க்கிறேன் என்றேன்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
குப்பைக்கும் வரிக்கும் அதே சொல்தான்.

அவன் தாளை வெயிலில் பிடித்தான்.
அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தான்.
மறுபடி தாளை.
அவன் பெருவிரல் வியர்வை
படத்தில் ஊறிவிடுமோ என்று
அந்த நேரத்திலும் எனக்கு.

"பிழை" என்றான்.
"இந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது.
பதினொரு மாதமாய்
நான் இதன் கீழேதான் நிற்கிறேன்."

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.
உடைந்த சிங்களத்தில் சொன்னேன்:
சுகம். இடமில்லை. காசு பிறகு.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"அடுத்த கடிதம் வந்ததா?"

கடையில் இல்லை என்றேன்.

தாள்களை அவனே பைக்குள் வைத்தான்.
வாவியின் ஒரு மூலை மடங்கிப்போயிற்று,
மலை இருந்த மூலை.
போ என்று கை காட்டினான்.

நாலடி நடந்ததும்
திரும்பி அண்ணாந்து
ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது.

பார்க்கவில்லை.
அதற்கும் ஒரு காரணம்
சொல்ல வேண்டியிருக்கும்.