முன்னால் நின்ற பூச்சியம்

இரவு இரண்டு பத்து. ஓல்டன்.
ஜன்னலுக்குக் கீழே ஒரு சரக்கு ரயில்
தன் பெட்டிகளைத் தானே எண்ணிக்கொண்டு போகிறது.
என் கணக்கு நாற்பத்தொரு சர்வர்.
முப்பத்தெட்டு பச்சை,
மூன்று சிவப்பு.

மூன்றும் பஸ் நிறுத்தப் பலகைகளுக்கு நேரம் சொல்பவை.
ட்ரிம்பாக் போகும் முதல் பஸ் ஐந்து பதினேழு.

மேம்பாடு என்று பேர்.
ஒற்றைக் கட்டளை, ஒரு டம்ளர் காபி,
மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.
கடன் சொன்னவர்க்கெல்லாம் தலையாட்டிய அப்பா எழுந்துபோய்
கல்லாவில் மகன் உட்கார்ந்த கதை இது:
பழைய பதிப்பு பார்த்தும் பாராமல் விட்டதையெல்லாம்
புதியது பேரேட்டைப் பிரித்துவைத்துக் கேட்கிறது.

அனுமதி மறுக்கப்பட்டது.
யாருக்கு? எந்தக் கோப்புக்கு?
சொல்லாது. பதிவை வரிவரியாக உருட்டி
நானே தேட வேண்டும்.
போனில் ரேகுலா கொட்டாவி விடுகிறாள்:
"கையேட்டில் இருக்கிறபடிதானே செய்தாய்?"
இருக்கிறபடிதான்.

கையேடு, பக்கம் பதினொன்று:
அனுமதி எண் 0644. அப்படியே எழுதவும்.

அப்படியே எழுதியிருந்தேன்.
முன்னால் நின்ற பூச்சியத்தைக் கண்டதும்
இது எட்டின் கணக்கு என்று முடிவுகட்டி
ஆறு அறுபத்துநாலு, நாலெட்டு முப்பத்திரண்டு,
மேலே ஒரு நாலு என்று கூட்டி
பத்தின் கணக்கில் விடை எழுதிக்
கதவில் மாட்டிவிட்டது இயந்திரம்:
நானூற்றிருபது.

தனியாகச் சிரித்தேன்.
பாளையங்கோட்டையில் சீட்டுப் பணத்தோடு ஓடியவனுக்கு
நாங்கள் வைத்த பேர் அது.
ரேகுலாவுக்கு அது வெறும் எண்.

அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள்.
நாலு: உடையவர் படிக்கலாம், எழுத முடியாது.
இரண்டு: குழுவினர் எழுதலாம், படிக்க முடியாது.
பூச்சியம்: பிறர்க்கு ஒன்றுமில்லை.

படிக்காமலே எழுதலாம்.
இப்படியொரு குழுவை எங்கோ பார்த்திருக்கிறேனே
என்று நினைத்தபடி பக்கத்தின் அடிக்குப் போனேன்.
கடைசியாகத் திருத்தியவர்: ஆவுடைய.
கட்டத்தில் இடம் போதாமல் வெட்டுப்பட்ட
என் அப்பா ஆவுடையப்பன்.
(குடும்பப் பெயர் கேட்ட படிவத்துக்கு
வேறெதைக் கொடுப்பது?)
மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்ச்,
வெள்ளிக்கிழமை, நாலரை மணி.
எங்கிருந்தோ எடுத்து, ஓட்டிப் பார்க்காமல்,
டெர், டீ, டாஸை மட்டும்
நாலுமுறை சரிபார்த்து ஒட்டியவள் நான்தான்.

அப்படியே என்று எழுதத் தெரிந்தவளுக்கு
அதற்கென்றே இருக்கும் குறியைப் போடத் தெரியவில்லை.
எண்ணின் இருபுறமும் மேற்கோள்:
சொன்னது சொன்னபடி, கணக்குப் போடாதே.
கொசுக்கால் அளவில் நாலு கீற்று. போட்டேன்.
பச்சை. பச்சை.
மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு, பச்சை.

மூன்றே முக்காலுக்குக் கையேட்டைத் திறந்தேன்.
'அப்படியே'வை அழித்தேன்.
ஏன் என்று ஒரு வரி சேர்த்தேன்,
அந்த வரி புரியாதவர்க்கு இன்னொரு வரி.
அடியில், கட்டத்துக்கு வெளியே,
முழுப் பெயர்.

ஸ்டேஷனில் ஒரு கல் இருக்கிறது, கிலோமீட்டர் பூச்சியம்.
இந்த நாட்டுத் தண்டவாளங்களை அங்கிருந்து அளந்தார்களாம்.
தினமும் தாண்டிப் போகிறவள்
இன்று அதன்மேல் பையை வைத்து
ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

வெளியே பலகையில் ஐந்து பதினேழு எரிந்தது.
பஸ் ஐந்து பத்தொன்பதுக்கு வந்தது.
ஓட்டுநர் பலகையைப் பார்க்கவே இல்லை.