வராத எட்டுப் பேர்

பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு எடுப்பார்கள்,
சாங்கித் துறையில்.
செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி.
நான், நவநீதன்,
தூண்டிலோடு ஒரு சீன இளைஞர்,
உட்கார்ந்தபடி உறங்கும் அவருடைய நண்பர்.
அரைமணி நேரம் கடலைப் பார்த்தோம்.
பிறகு
வராத எட்டுப் பேருக்கும்
நால்வரும் பங்கிட்டுப் பணம் கொடுத்தோம்.
காலி இருக்கைக்கும் காசு வாங்குகிற ஊர்.

கூடாரம் எங்களுடையது இல்லை.
அதாவது, எங்களுடையதுதான். பழையது. அறுபது வெள்ளி.
சுவா சூ காங்கில், ஒரு புளோக்கின் அடித்தளத்தில்
திருமதி சியா அதைக் கையில் தரும்போது
முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:
ஆஸ்திரேலியக் காட்டில்
முப்பது கிலோமீட்டருக்கு ஓர் ஆள் இருக்காது.
திரும்பும் ரயிலில் நவநீதன்
அந்த எண்ணையே மென்றுகொண்டு வந்தான்.
உட்லண்ட்ஸில் தொடங்கி நேர் தெற்கே
முப்பது கிலோமீட்டர் நடந்தால்
நாம கடலுக்குள்ள நிப்போமேம்மா.

மூவறை வீடு. ஆறு பேர்.
அவன் தண்டவாளம் பழுதுபார்க்கிறவன்.
கடைசி ரயில் போனபின் இறங்கி
முதல் ரயில் வருமுன் ஏறுகிறவன்.
பாலர் பள்ளியில் பத்தொன்பது மூக்குகளைத் துடைத்துவிட்டு
நான் வந்து, சமைத்து, கண்ணயரும் நேரம்
அவன் காலணியைத் தேடுவான்.
கதவுக்கும் காலணி அலமாரிக்கும் இடையில்
எங்கள் இல்லறம்.

மாமாம் கடற்கரைக்கு வாடகைச் சைக்கிளில் போனோம்.
தண்ணீர், ரொட்டி, மத்தி டின்,
கொசுவர்த்தி (தீப்பெட்டி இல்லை).
கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால்
பல்லிடுக்கெல்லாம் செம்மண்.
காவியும் இல்லை, குங்குமமும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே ஒரு நிறம்.
விரலில் ஒட்டியதை நான் துடைக்கவில்லை.
மூலையில் நீள இலை ஒன்று. நொறுக்கினேன்.
தைல வாசம்.
சளி பிடிச்ச காடு போல, என்றான்.

உபின் மணலில் முளை நிற்கவில்லை.
கல்லை வைத்துக் கட்டினான். தேசிய சேவையில் கற்றதாம்.
அப்பல்லாம் பத்து நிமிஷத்துல எழுப்பலைன்னா தண்டால்.
இப்ப?
இப்பவும்தான், என்றேன்.
நாற்பது நிமிடம் ஆனது.

இரவு
அப்படியொன்றும் இருட்டில்லை.
எதிர்க்கரை ஜொகூரின் விளக்குகள்
தண்ணீரில் நீண்டு காலடிவரை வந்தன.
வயிறு தெரிய விமானங்கள் தாழ்ந்து போயின.
முப்பது கிலோமீட்டரை விடுங்கள்,
முந்நூறு மீட்டராவது தேறுமா?
சோதித்துப் பார்க்க
அவன் பெயரைக் கத்தினேன்.
நவநீதா!
ஏழு வருடத்தில் முதல்முறை.
மாமனார் வீட்டில் அது
கிசுகிசுக்க மட்டுமேயான பெயர்.
சுவரை யாரும் இடிக்கவில்லை.
அம்மிக்கல் ஏதும் மேல்மாடியில் உருளவில்லை.
ஓரடி தள்ளி நின்றிருந்தவன்
என்ன? என்று
அதே அளவு கத்தினான்.

இரண்டு மணிக்கு,
வேலை நேரமென்று அவன் உடம்பு விழித்துக்கொள்ளும் மணிக்கு,
வெளியே மூச்சு.
கனத்த, ஈரமான, அவசரமில்லாத மூச்சு.
துணிக்கு அந்தப் பக்கம் ரொட்டிப் பை நகர்ந்தது.
வலைச் சன்னலில் பார்த்தோம்:
ஒரு காட்டுப்பன்றி. பின்னால்
கோடு போட்ட குட்டிகள்.
வந்துட்டாங்க, என்றான் காதருகே.
யாரு?
காசு கட்டினோமே.
எண்ணினேன். தாயோடு சேர்த்து ஆறு.
அடக்க அடக்கச் சிரிப்பு
கூடாரத்தைக் குலுக்கியது.
ரொட்டி போயிற்று.
மத்தி டின்னை மட்டும் உருட்டிப் பார்த்துவிட்டு
வைத்துவிட்டுப் போனார்கள்.

அதன்பின் உறங்கினான்,
ஊரெல்லாம் உறங்கும் நேரத்தில்.
இப்படி ஒரு முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.
வாய் சற்றே திறந்து,
வலப்புருவத்தில் கிரீஸ் வடு.
நெற்றியில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.
அடித்தால் எழுந்துவிடுவான்.
குடித்துவிட்டுப் போகட்டும்,
ஏழாவது ஆள்.

எட்டாவது ஆளுக்காக
விரலில் யாரோ ஊரின் மண்ணோடு
விடியும்வரை விழித்திருந்தேன்.