பாய்

வேனில் பதினாலு பாய்கள், சுருட்டியபடி.
பதினைந்தாவது பாய் நான்,
ஸ்டியரிங் பிடிப்பவன்.
'பாய், ஏசி.' 'பாய், இளநீர்.'
'பாய், இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்க.'
மூன்று நாளாய் இப்படித்தான்
விரிகிறேன், சுருள்கிறேன்.

முதல் நாள் உத்தரகோசமங்கை.
இரண்டாம் நாள் தேவிபட்டினம்.
கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் எண்ணிவிட்டு
எட்டுதான் இருக்கிறது என்றார் புனேக்காரர்.
ஓதம் ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் அரியமான்.
சுபுஹு தொழுதுவிட்டு வந்து எல்லோரையும் இறக்கினேன்.
சவுக்குத் தோப்புக்கு இப்பால் வேன், அப்பால் அவர்கள்.
செருப்புக்கும் போனுக்கும் நான் காவல்.

கோயம்புத்தூர் டீச்சரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்:
நெற்றியைத் தளர்த்துங்கள்.
நாக்கைத் தளர்த்துங்கள்.
உங்கள் பெயரையும் கழற்றிப்
பக்கத்தில் வையுங்கள்.
(செருப்புகளை இன்னொரு தடவை எண்ணினேன்.)
அப்புறம் பதினாலு பேரும்
உள்ளங்கை வானம் பார்க்க
செத்துக் கிடந்தார்கள்.
சவாசனம் என்றால் அதுதானே.
ஈ உட்கார்ந்தாலும் அசையாத நல்ல சாவு.
பிரான்சுக்காரம்மாவிடம் மட்டும் லேசான குறட்டை.

வாடை ஓய்ந்த மாதம். கடல் தட்டில் ஊற்றியது போல.
வத்தை ஒன்று பாய் விரித்து வந்துகொண்டிருந்தது.
அதில் ஒருவன் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தான்.
எழுந்து நின்றான்.
இடுப்பளவுத் தண்ணீர் இருக்கும்,
பாய்ந்தான்.

ஒருவன் கரைக்கு அப்படி ஓடிவந்து
நான் பார்த்ததில்லை.
தண்ணீர் முழங்காலைப் பிடித்து இழுக்க இழுக்க
வாய் திறந்திருக்க, சத்தம் வராமல்.
வந்தவன்
முதல் பாயில் கிடந்த புனேக்காரரின் தோளைப் புரட்டி
மூக்கில் விரலை வைத்தான்.
கண் திறந்தது.
அலறியது யார் என்று கேட்டால்
இரண்டு பேரும்தான்.

'மாப்ள, உசுரு இருக்கு!'
அடுத்த பாய்.
'இவுகளுக்கும் இருக்கு!'
தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனான்
பதினாலு வரைக்கும்.

ஓடிப்போய்ச் சொன்னேன்:
இது பயிற்சிப்பா, காசு கட்டிப் படுத்திருக்காக.
அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.
'படுக்குறதுக்கு ஒரு முறை இல்லையா பாய்?
இந்தக் கரையில போயி
இத்தன பேரு, மல்லாக்க.'

'யாரையாவது தேடுறீங்களா?' என்றார் டீச்சரம்மா.
'இப்ப இல்ல' என்றான்.
விரல் மட்டும் இன்னும் நடுங்கியது,
எந்த மூக்கும் இல்லாத காற்றில்.

சாயங்காலம் கலை நிகழ்ச்சி.
ஒயிலாட்டம், ஒரு மணி நேரம் என்று தாளில் இருந்தது.
வரிசையில் மூன்றாவது ஆள் அவன்.
தலைப்பாகை, சலங்கை, கையில் மஞ்சள் துணி.
பெயர் நம்புவேலாம், மைக்கில் சொன்னார்கள்.
தவில் சொல்லச் சொல்ல முன்னே வைத்துப் பின்னே வாங்கி
துணியை அவன் உதறும்போதெல்லாம்
புனேக்காரர் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

கடைசியில் விருந்தாளிகளையும் இழுத்துவிட்டார்கள்.
கால் மாறி, கை மாறி,
ஒருவர் துணி இன்னொருவர் முகத்தில்,
எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.
நம்புவேலின் உதடு அசைந்தது.
பாட்டு அப்போது நின்றிருந்தது.
ஒன்று, இரண்டு என்றுதான் அசைந்திருக்கும்.

நாலாம் நாள், அதே மணல்.
டீச்சரம்மா நெற்றி சொன்னார், நாக்கு சொன்னார்.
பெயரைக் கழற்றச் சொல்லவில்லை.
தூரத்தில் ஒரு பாய் தெரிந்தது.
முதலில் புனேக்காரர்,
பிறகு ஒவ்வொருவராய்
மல்லாந்தபடியே ஒரு கையைத் தூக்கி
விரல்களை ஆட்டிக்கொண்டு
செத்திருந்தார்கள்.

செருப்பை விட்டுவிட்டுக் கைகளை எண்ணினேன்.
பதிமூன்று.
நெஞ்சு ஒரு கணம் சும்மா இருக்கவில்லை.
பிறகு கேட்டது
பதினாலாவது பாயிலிருந்து
குறட்டை.