வெண்ணெய்த் தட்டு

வெண்ணெய்க்குப் பக்கத்தில்தான் வைக்கிறோம்
எலியாசரின் ஹார்மோன் பேனாவை.
இரவு ஒன்பதரை. இன்று இடது தொடை.
நான் எண்ணுவேன், பத்து வரை;
அவன் ஏழிலேயே ஊசியை உருவிவிடுவான்.

என்னோடு பிறந்தவன். என் தோளுக்கு நிற்கிறான்.
போன ஆண்டுக் கால்சட்டை
முதல்முறையாகக் கணுக்காலைக் காட்டியபோது
மாற்றமாட்டேன் என்றான்,
புந்தா அரேனாஸின் ஜூலைக் காற்றில்.

ஆகஸ்டில் ரத்தச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது.
மருந்து அப்படியும் செய்யுமாம்.
டாக்டர் தாளில் ஒரு வட்டம் போட்டார்.
அம்மா சோடா வாங்குவதை நிறுத்தினாள், எனக்கும்.
மீன்கிடங்குக்குப் பின்னால் ஒளிந்து குடித்தேன்.
ஏப்பம் காட்டிக்கொடுத்தது.
அவன் சிரித்தான்; யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கீழே தூங்குகிறான்.
ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது அதிகம் சுரக்குமாம்.
புரண்டு படுக்கப் பயமாயிருக்கிறது.
மேல்கட்டில் கிறீச்சிடும்.