நான்காம் பாட்டுக்கும் ஐந்தாம் பாட்டுக்கும் நடுவில்

நான்காம் பாட்டு முடிந்து
கிட்டார் கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போது
ஓர் இருமல் கேட்கும்.
நான்தான் அது.

வாசிக்கத் தெரியாது எனக்கு. பாடவும் வராது.
கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
ஐஸ் ஃபாக்டரி, இரவு ஷிஃப்ட்.
பார் உடைக்கும் மெஷினைப்
பதினொன்றிலிருந்து மூன்று வரை நிறுத்திவைக்க
தேவசித்தம் கொடுத்தது இருநூறு ரூபாய்,
ஒரு பொட்டலம் மசால்வடை.

பின்கட்டில் வலை அடுக்கும் அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள்.
டிரம்ஸுக்கு நஜிமுதீன்.
பேஸுக்கு மஞ்சக்குப்பத்துப் பையன் ஒருத்தன்,
பேர் மறந்துவிட்டது, இப்போது கனடாவில்.
ஐப்பசி மழை. துறைமுகக் கம்பத்தில்
கூண்டு ஏற்றியிருந்தார்கள், மூன்றாம் எண்தான்.
ஆல்பத்துக்கு அவன் வைத்த பேர்
ஏழாம் எண் கூண்டு.
ஏழு ஏறினால் புயல் நம்ம தலைமேலயே கடக்கும்டா என்றேன்.
தெரியும் என்றான்.

முதலில் போட்டது முந்நூறு சிடி.
அதில் நாற்பது, அடுத்த டிசம்பரில்
கடல் உள்ளே வந்த காலையில்
முட்டை அட்டைகளோடு மிதந்து போயின.
மிச்சத்தை எங்கே யார் கேட்டார்களோ,
ஐந்தாறு வருஷம் கழித்து
பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்து
ஃபாக்டரிக் கதவை போட்டோ எடுத்தார்கள்.
ஆங்கிலப் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்ததைத்
தேவசித்தத்தின் தங்கை படித்துச் சொன்னாள்:
அந்த இருமல்
சிப்காட் காற்றை விழுங்கிய ஒரு ஊரின் நுரையீரல்.
அது இல்லையென்றால் ஆல்பமே இல்லை.

மசால்வடையில் கிடந்த மிளகாய் அது.

இன்னொரு டேக் எடுத்துவிடலாம் என்று
அன்றைக்கே கெஞ்சினான்.
கரண்ட் போய்விட்டது.
வந்தபோது மணி மூன்று.
படகுக்காரர்கள் ஐஸ் ஐஸ் என்று
தகரத்தைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்புறம் நான்கு ஆல்பம் போட்டான்.
எனக்குப் பிடித்தது மூன்றாவது.
கெடிலம் பாலத்தில் கரும்பு லாரி
குறுக்கே மாட்டிக்கொண்ட இரவைப் பற்றி
அதில் ஒரு பாட்டு இருக்கிறது.
சிரிப்பு வரும், பாதியில் நின்றுவிடும்.
யார் கேட்டார்கள் அதை?
வருஷா வருஷம் கம்பத்தில் கூண்டு ஏறியதும்
எல்லார் போனிலும் அந்தப் பழசுதான்.
புயல் திசைமாறி ஆந்திராவுக்குப் போய்விடும்.
பாட்டு மட்டும் கரையைக் கடக்கும்.

சென்னையில் ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போனான்.
நான்காம் பாட்டு முடிந்தது.
அரங்கம் முழுக்க, இரண்டாயிரம் பேர் இருக்கும்,
ஒரே நேரத்தில் இருமினார்கள்.
இருமிவிட்டு அவர்களே கைதட்டிக்கொண்டார்கள்.
கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்தபடி
தேவசித்தம் நின்றான்,
கடை ஓரத்தில் மழை விடக் காத்திருப்பவன்போல.
எனக்கு மட்டும் இருமல் வரவில்லை.

போன மாதம் ஒரு கம்பெனிப் பெண் பேசினாள்.
இருபதாம் வருஷப் பதிப்பாம்.
மழை, நாய், குழாய் சொட்டும் சத்தம்
எல்லாவற்றையும் துடைத்துவிட முடியுமாம் இப்போது.
இருமலைத் தொடமாட்டோம் சார், கவலைப்படாதீங்க என்றாள்.
அட்டையில் என் பேரும் வரும்,
இருமியவர்: வீ. கலிவரதன்.
கையெழுத்துக்கு ஒரு தாள் அனுப்புகிறாளாம்.

அன்றிரவே தேவசித்தத்திடமிருந்து போன்.
மூன்று வருஷத்துக்கு அப்புறம்.
நீ சொன்னா எடுத்துடுவாங்க கலி என்றான்.
அந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு
ஒரு தடவையாவது கேக்கணும்டா.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
காற்று தெற்கிலிருந்து திரும்பியிருந்தது,
அழுகின முட்டைக்கோஸ் வாடை.
தொண்டை கமறியது.
ரிசீவரை நெஞ்சோடு அழுத்தி மூடிக்கொண்டேன்.

வடை ஏதும் தின்றிருக்கவில்லை நான்.