புகைச் சோதனை

எட்டு மணிப் பேருந்தில் அந்த ஊருக்கு இறங்கியது நான் மட்டும்தான்.
மார்ச் கடைசி. வயலோரத்துப் பனி
அழுக்குப் பஞ்சுமூட்டையாய்ச் சுருங்கிக்கொண்டிருந்தது.
தோளில் மடக்கு ஏணி, கையில் கருவிப்பெட்டி,
சீருடையின் மார்பில் என் பெயர்: நிவாதா, தீத்தடுப்புச் சோதனை.
பதினெட்டு வருடமாய் ஒரே வேலை.
புகை வந்தால் கத்துவாயா என்று
கூரைகளிடம் கேட்பது.

வாசலில் நிற்கும்போதே கைபேசி அடித்தது. ஒரியே.
இந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊராட்சி வைத்த பெண்,
முப்பத்திரண்டு வயது, நகோயாவில் வங்கி வேலையை விட்டவள்.
இருமலுக்கு இடையிடையே பேசினாள்.
"மூன்று நாளாய்க் காய்ச்சல். அடுப்பு அணைந்து கிடக்கிறது.
சாவி தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்.
உங்களிடம் போய்க் கேட்கக் கூடாதுதான்,
கொஞ்சம் தீ மூட்டிவிடுவீர்களா?"

என்னிடமா!

புகை ஏறாவிட்டால் நாணலுக்குள் ஈரம் குடியேறுமாம்,
ஈரத்தின் வால் பிடித்து வண்டு வருமாம்.
இருநூற்று நாற்பது வருடக் கூரை
நெருப்புக்குப் பயந்துகொண்டே
நெருப்பிடம் கை நீட்டிப் பிழைத்திருக்கிறது.

செருப்பைக் கழற்றினேன். காலுறையில் பெருவிரல் ஓட்டை.
பார்க்க ஆளில்லை, பரவாயில்லை.
கண் பழகப் பழக உத்தரங்கள் வெளியே வந்தன,
கரிக்குழம்பில் முக்கியெடுத்த பளபளப்போடு.
ஆணி ஒன்றுகூட இல்லை. வைக்கோல் கயிறும்
முறுக்கிக் கட்டிய இளங்கிளைகளும்தான்
இரண்டு ஆள் உயரப் பனியைத் தாங்கியிருக்கின்றன.

மாடியில் பட்டுப்புழுத் தட்டுகள், காலி.
பக்கத்தில் ஒரு விளக்க அட்டை:
கீழே அடுப்பைச் சுற்றிக் குழி தோண்டி
புழுவின் கழிவும் களைச்செடியும் மண்ணும் மக்கவைத்து
வெடிமருந்துக்கு உப்பு எடுத்தார்களாம்.
மேலே நாணல். நடுவே தீ. அடியில் வெடியுப்பு.
அந்தக் காலத்தில் நான் சோதனைக்கு வந்திருந்தால்
வாசலோடு திரும்பி ஓடியிருப்பேன்.

முதல் குச்சி ஒடிந்தது.
இரண்டாவது என் விரலைத்தான் பற்றப் பார்த்தது.
மூன்றாவதில் பைன் சிராய் பிடித்துக்கொண்டது.
குனிந்து ஊதினேன்,
அணை, அணை என்றே சொல்லிப் பழகிய வாயால்.

புகைக்கு அவசரமில்லை.
கொக்கியில் தொங்கிய மர மீனை ஒரு சுற்றுச் சுற்றி
உத்தரம் தாண்டி, மாடித்தரை இடுக்குகளில் நுழைந்து
சொந்த வீட்டுக்காரன் இருட்டில் படியேறுவதுபோல் போனது.
உச்சியில் என் கருவி, பச்சைக் கண் சிமிட்டியபடி.
அடுப்புக்குச் சும்மா இரு, அதற்கு மேல் என்றால் கத்து
என்று போன அக்டோபரில் நானே திருத்தி வைத்தது.
அண்ணாந்து நின்றேன். கண் எரிந்தது.
பத்து நிமிடம்.
அது வாய் திறக்கவில்லை.

கதவுதான் திறந்தது. மழைக்கோட்டில் ஒரு தம்பதி,
ஒசாகா பேச்சு. இன்று விடுமுறை என்று நான் சொல்லுமுன்
அந்த அம்மாள் தீயருகே உட்கார்ந்து
சிவந்த கைகளை நீட்டிவிட்டாள்.
என் சீருடை, காலுறை ஓட்டை, கையிலிருந்த இடுக்கி
எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.
"இங்கேயேதான் இருக்கிறீர்களா?"
"மதியம் வரைக்கும்" என்றேன்.
கணவர் தும்மினார். பிறகு என்னைப் படமெடுத்தார்.

படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினேன்.
புகை: உண்டு. மணி: அடிக்கவில்லை. நிலை: நன்று.
"குறைகள்" என்ற கட்டத்தில் பேனா தயங்கியது.
விறகு ஈரம், என்று எழுதினேன்.
பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.
அந்த அம்மாளிடம் கேட்டு
அவள் பக்கத்துக் கட்டையை உள்ளே தள்ளினேன்.